பைய நகர்ற கிராமத்து மர்ம நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைல எங்க தெருவுலயும், அம்பாசமுத்திரம் கல்லிடைக்குறிச்சி பக்கம் இருக்குற சொந்தக்காரங்க வீட்லயும் புஸ்தகம் கைமாத்திப் படிக்கிற ஒரு கூட்டம் உண்டு. நான் குடுக்கறதுல பாதிக்கு மேல கிராமத்துல நடக்குற மர்ம நாவல்தான், அதுலயும் அவசரமே படாம பைய நகர்ற வகை. புஸ்தகம் திரும்பி வரும்போது கூடவே ஒரு சந்தேகமும் வந்துரும், அதுவும் அனேகமா போன ஆள் கேட்ட அதே சந்தேகமா இருக்கும். அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். கேள்வியெல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

அக்கா, அறுபது பக்கம் தாண்டிட்டேன், இன்னும் ஒருத்தரும் சாகல. சரியான புஸ்தகம்தான் குடுத்தீங்களா?

சரியான புஸ்தகம்தான். இந்த வகை நாவல்ல கொலை லேட்டாதான் வரும், சிலதுல கொலையே இருக்காது, ஒரு ஆள் காணாமப் போயிருப்பாரு, இல்லன்னா எப்பவோ கிணத்துல தவறி விழுந்து செத்ததா ஊரே நம்பிட்டு இருக்குற ஒரு சாவைப் பத்தி திரும்பப் பேச்சு கிளம்பும். அது வரைக்கும் எழுதுறவர் என்ன பண்றாருன்னா அந்த ஊரோட வழக்கத்தை உங்களுக்குப் பழக்கி விடுறாரு. பால் ஊத்துறவர் எத்தனை மணிக்கு வருவாரு, யாரு முன்வாசல் வழியா உள்ள வருவாங்க, யாரு பின்வாசல்ல நின்னு கூப்பிடுவாங்க, எந்த வீட்டு நாய் யாரைப் பாத்தா குரைக்கும், இதெல்லாம்.

வழக்கம் தெரிஞ்சாதான் அது மாறின நாள் கண்ணுல படும். தினம் விடியக்காலம் வாசத் தெளிச்சு கோலம் போடுற வீட்ல ஒரு நாள் வெயில் ஏறின பிறகும் வாசல் காஞ்சு கிடந்துச்சுன்னு போற போக்குல ஒரு வரி வரும். முதல் அறுபது பக்கத்தைப் பொறுமையா படிச்சவருக்கு அந்த வரில நெஞ்சு திக்குன்னு இருக்கும், பக்கத்தைத் தள்ளிட்டு வந்தவருக்கு அது சும்மா ஒரு வரி. இந்த நாவல்களோட முழு சந்தோஷமும் அந்த ஒரு திக்குலதான் இருக்குன்னு நான் நினைக்கேன். கீழ வர்ற பதில் முக்காவாசி இதையே வேற வேற பக்கத்துல இருந்து சொல்றதுதான்.

மாத நாவல் படிச்சே வளந்தவ நான். அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் மதினி?

மாத நாவல் ஒரு பஸ் பிரயாணத்துல முடியணும்னு எழுதுறது, அதுக்கு அந்த வேகம் வேணும், அதைக் குறைச்சலா நான் சொல்லவே மாட்டேன். அதுல கேள்வி 'அடுத்து என்ன'. இதுல கேள்வி 'ஏற்கனவே என்ன நடந்துச்சு'. அதனால அத்தியாயம் முடியுற இடத்துல கத்தி, துப்பாக்கி எல்லாம் எதிர்பாக்காதீங்க. ஒரு பாட்டி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாம எந்திரிச்சு உள்ள போனாங்கன்னு அத்தியாயம் முடியும். அவங்க ஏன் பதில் சொல்லலன்னு யோசிச்சுக்கிட்டே நீங்க அன்னைக்கு சமைப்பீங்க.

ஏன் எப்பப் பாத்தாலும் கிராமம்? டவுன்ல மர்மம் நடக்காதா?

நடக்கும், ஆனா வேற மாதிரி நடக்கும். திருநெல்வேலி டவுன் பக்கம் வண்ணாரப்பேட்டைல ஒரு புது ஆள் ஒரு மணி நேரம் ரோட்டோரமா நின்னாலும் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அதே ஆள் கடையத்துக்கு மேக்க ஒரு சின்ன ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கட்டும், ரெண்டு அடி வைக்கறதுக்குள்ள டீக்கடைல இருந்து "யார் வீட்டுக்கு வந்திருக்கீய"ன்னு கேட்டுருவாங்க. டவுன் கதைல சிக்கல், யாருமே பாக்கலங்கறது. கிராமத்துக் கதைல சிக்கல், எல்லாரும் பாத்திருக்காங்க, ஆளுக்குக் கொஞ்சமா, ஆனா யாரும் சொல்ல மாட்டாங்கங்கறது. ஏன் சொல்ல மாட்டாங்கன்னா சொன்னா நாளைக்கும் அதே தெருவுலதான் இருக்கணும், அதே கடைலதான் சாமான் வாங்கணும், அந்த வீட்ல பொண்ணு கூட எடுத்திருப்பாங்க.

இங்கிலாந்துல இந்த வகையைப் பெருசா வளத்தது அகதா கிறிஸ்டி. அவங்களோட மிஸ் மார்ப்பிள் பாட்டி முதல் நாவல்ல வந்தது 1930ல. அந்தப் பாட்டிக்கு போலீஸ் உத்தியோகம் கிடையாது, லேப் கிடையாது, ஒரு சின்ன கிராமத்துலயே வாழ்ந்து கிழவியானவங்க, அவ்வளவுதான். யாராவது ஒரு புது ஆள் சந்தேகப்படுற மாதிரி நடந்தா, இதே மாதிரி எங்க ஊர்ல ஒருத்தர் நடந்துகிட்டாரேன்னு யோசிப்பாங்க, அதுலயே விடை கிடைச்சிரும். மனுஷங்களை ரொம்ப நாள் பக்கத்துல இருந்து பாத்தா வர்ற அறிவு அது. நம்ம ஆச்சிமாருக்கு அது நிறையவே உண்டு.

வயலு, ஆறு, மழைன்னு பக்கம் பக்கமா எழுதுதாவ. அதைத் தள்ளிட்டுப் படிச்சா என்ன?

தள்ளாதீங்க, தடயம் பெரும்பாலும் அங்கதான் கிடக்கும். எழுதுறவருக்கு ஒரு விஷயத்தை உங்க கண் முன்னாடியே வைக்கவும் செய்யணும், அதே சமயம் நீங்க அதைக் கவனிக்கவும் கூடாது, அப்படின்னா அதை வைக்கறதுக்கு வர்ணனையை விட வசதியான இடம் எது. மழை விட்ட பிறகு தெருவுல சேறு இருந்துச்சுன்னு ஒரு வரி, நாலு பக்கம் கழிச்சு ஒருத்தர் சுத்தமான வேட்டியோட திண்ணைல உக்காந்திருப்பாரு. ரெண்டையும் சேத்துப் பாக்க வேண்டியது நம்ம வேலை.

நம்ம தாமிரபரணிக் கரைல கார், பிசானம்னு ரெண்டு போகம் உண்டுலா. கார் ஜூன்ல தண்ணி திறந்து ஆவணி புரட்டாசில அறுப்பு, பிசானம் ஐப்பசி வாக்குல ஆரம்பிச்சு மாசி பங்குனில அறுப்பு. கதிர் முத்தி நிக்குற வயலுக்குள்ள ஒரு ஆள் குத்த வச்சு உக்காந்தா வரப்புல போறவருக்குத் தெரியாது. அறுப்பு முடிஞ்ச வயல்ல ஒரு கோழி நடந்தாலும் தூரத்துல இருந்தே தெரியும். அதனால "அறுப்பு முடிஞ்சு ஊரே ஓய்ஞ்சு கிடந்தது"ன்னு ஒரு வரி வந்தா அதை அழகுக்குன்னு நினைச்சிராதீங்க, அன்னைக்கு சாயங்காலம் வயக்காட்டு வழியா யாரும் ஒளிஞ்சு வந்திருக்க முடியாதுன்னு அது சொல்லுது.

இல்லாத விஷயமும் தடயம்தான். கோனான் டாயில் 1892ல எழுதின ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதை, டார்ட்மூர்ங்கற பொட்டல் காட்டுப் பக்கம் நடக்குறது, அதுல ராத்திரி லாயத்துக்குள்ள ஆள் வந்து குதிரையைக் கொண்டு போயிருக்கான், நாய் குரைக்கவே இல்ல. அந்தக் குரைக்காததுதான் வழி காட்டும். நாய்க்குப் பழக்கமான ஆள்தான் வந்திருக்கணும்லா.

நம்ம பக்கத்து ஊரை வச்சு எழுதின நாவல்னா எதெல்லாம் கவனிக்கணும் சித்தி?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. வெளியூர்க்காரங்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கு, பொய் சொல்ற கதாபாத்திரத்தை எழுத்தாளர் சொல்றதுக்கு முன்னாடியே நாம பிடிச்சிரலாம். ஐப்பசி அடைமழைல நுங்கு வெட்டிக் குடுத்தேன்னு ஒருத்தன் சாட்சி சொன்னா அவன் அன்னைக்கு பனங்காட்டுப் பக்கமே போகலன்னு அர்த்தம், நுங்கு கோடைல வர்றது. சித்திரைல கால்வாயில முங்கிக் குளிச்சிட்டு வந்தேன்னு ஒருத்தன் ஈரத் தலைக்குக் காரணம் சொன்னா, கோடைல கால்வாயை அடைச்சிருப்பாங்களே, எந்தத் தண்ணில குளிச்சான்னு நமக்குத் தோணணும்.

பனை சீவுறவங்க பாளை சீவ காலையிலயும் சாயங்காலமும் மரம் ஏறணும், ஒரு நாள் விட்டாலும் பாளை வீணாயிரும், அதனால அவங்க நேரம் தப்பாது. மரத்து உச்சில இருந்து பாத்தா பக்கத்து ஊர் வரைக்கும் தெரியும், கீழ நடந்து போறவன் தலைக்கு மேல ஒரு ஆள் இருக்குறதை நினைக்கவே மாட்டான். சாட்சிக்கு இதை விட நல்ல இடம் எந்த நாவலாசிரியரும் உக்காந்து கண்டுபிடிக்க முடியாது. கலயத்துல சுண்ணாம்பு தடவியிருந்தா பதநீர், தடவலன்னா கொஞ்ச நேரத்துலயே புளிச்சு கள்ளாயிரும். ஒரு கலயத்துல மட்டும் சுண்ணாம்பு இல்லன்னு கதைல வந்தா, ஒண்ணு திருட்டுத்தனமா கள்ளு இறக்குறாங்க, இல்ல அன்னைக்கு அந்த மரத்துல ஏறினது வேற ஆள், பழக்கம் இல்லாத ஆள்.

அப்புறம் தண்ணி முறை. வயலுக்கு முறை வச்சுத் தண்ணி பாச்சுற ஊர்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு மம்பட்டியும் டார்ச்சுமா ஒருத்தர் நடந்து போனா யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா அன்னைக்கு யாரோட முறைன்னு கேட்டா உடனே கதை வேற ஆயிரும். கோயில் கொடை, அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்குற திருவிழா ராத்திரியும் அப்படித்தான், சாமக்கொடைன்னு நடுச்சாமத்துல பூசை நடக்குற நேரத்துல மேளச் சத்தத்துல பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது, அதே சமயம் ஊர் மொத்தமும் ஒரே இடத்துல கூடியிருக்கறதால யாரு வரலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். சத்தத்துக்கு வசதி, ஆளுக்கு வசதியில்ல. மேலப்பாளையம் சந்தை செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை அங்க ஆடு பிடிக்கப் போனேன்னு சொல்றவனை என்ன பண்ணணும்னு உங்களுக்கே தெரியும். கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு நாவல்ல எங்கயாவது வந்தா தனியா ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருங்க.

வெள்ளைக்கார நாவல்ல பேரும் மண்டைல ஏற மாட்டேங்கு, யாரு பெரிய ஆள் யாரு சின்ன ஆள்னும் தெரியல. என்ன செய்ய?

முதல்ல அந்த ஊரைப் புரிஞ்சுக்கோங்க, பேரு தானா வரும். பழைய இங்கிலீஷ் கிராமத்துல பாதிரியார் ஒருத்தர் இருப்பாரு, எல்லார் வீட்டுக்குள்ளயும் போற உரிமை அவருக்கு உண்டு. பெரிய வீட்டுக்காரர் ஒருத்தர், ஊர் நிலத்துல பெரும்பங்கு அவர் கைல. டாக்டர் ஒருத்தர், எல்லாரோட ரகசிய நோயும் அவருக்குத் தெரியும். தபாலாபீஸ் நடத்துற அம்மா, யாருக்கு எங்க இருந்து லெட்டர் வருதுன்னு அவங்களுக்குத் தெரியும். ஒரு போலீஸ்காரர், சைக்கிள்ல போறவர், கொலைன்னு வந்துட்டா டவுன்ல இருந்து இன்ஸ்பெக்டர் வந்து அவரை ஓரமா நிக்க வச்சிருவாரு. இந்த அஞ்சு பேரையும் பிடிச்சுக்கிட்டா மத்தவங்க இவங்களைச் சுத்தித்தான் இருப்பாங்க. நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ஈடா யாரு யாருன்னு மனசுல ஒரு முகத்தை வச்சுக்கிட்டீங்கன்னா இன்னும் சுலபம்.

பேரை ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி அடையாளத்துக்கு உள்ள வச்சுக்கோங்க, யாரு யாருக்கு என்ன உறவுன்னு மட்டும் போதும். புஸ்தகத்துல மேப் போட்டிருந்தா அதை நல்லாப் பாருங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு குறுக்குப் பாதை வரைஞ்சிருந்தா அந்தப் பாதைல யாரோ நடந்திருக்காங்க.

சில நாவல்ல ஊர்ச் சத்திரத்துலயோ பள்ளிக்கூட ஹால்லயோ எல்லாரும் கூடி, ஒரு அதிகாரி முன்னாடி சாவைப் பத்தி விசாரணை நடக்கும், அது கோர்ட்டுன்னு நினைச்சுக் குழம்பாதீங்க. கொரோனர்னு ஒரு அதிகாரி, ஆள் எப்படி செத்தாருன்னு முடிவு பண்ற விசாரணை அது. ஊரே ஒரே ரூம்ல உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கற இடம்ங்கறதால எழுத்தாளர்களுக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும், யார் முகம் எப்போ மாறுதுன்னு பாத்துக்கிட்டே படிங்க.

பழைய காலத்து தமிழ்க் கதைல முன்சீப், கர்ணம், தலையாரின்னு வராங்களே, அவங்க போலீஸா?

போலீஸ் இல்ல, ஆனா ஊர்ல அரசாங்கம்னா அவங்கதான். கிராம முன்சீப் வரி வசூல் பண்ணுவாரு, ஊர்ல அசம்பாவிதம் நடந்தா போலீசுக்குத் தகவல் சொல்ற பொறுப்பும் அவருக்கு உண்டு, கர்ணம் நிலக் கணக்கு வச்சிருப்பாரு, தலையாரி அவங்களுக்கு உதவியாள். பெரும்பாலும் பரம்பரையா ஒரே குடும்பத்துலயே வந்த பதவி. 1980ல தமிழ்நாடு அரசு முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழிச்சிட்டு, அப்புறம் கிராம நிர்வாக அலுவலர்னு போட்டாங்க, நாம இப்போ விஏஓன்னு சொல்றது. அதனால கதை நடக்குற வருஷம் 1980க்கு முந்தியா பிந்தியான்னு முதல்லயே பாத்துக்கோங்க. முந்தின்னா, தகவல் சொல்ல வேண்டிய ஆளே ஊர்ல பெரிய குடும்பத்து ஆள், அவரு நினைச்சா ஒரு நாள் தாமதமா சொல்லலாம். அந்த ஒரு நாள்ல என்ன வேணா நடந்திருக்கும்.

சந்தேகச் சாவுன்னா போலீஸ் வந்து அக்கம்பக்கத்துல மதிப்பான ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ கூட வச்சுக்கிட்டுதான் பிரேத விசாரணை பண்ணணும், அவங்களைப் பஞ்சாயத்தார்னு சொல்லுவாங்க. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல இது 174வது பிரிவா இருந்தது, 2024 ஜூலைல இருந்து அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல 194வது பிரிவு. கதைல அந்தப் பஞ்சாயத்தாரா கையெழுத்துப் போட்டது யாரு யாருன்னு வந்தா குறிச்சுக்கோங்க. செத்தவனுக்கு வேண்டாதவர் ஒருத்தர் ரொம்ப ஆர்வமா முன்னால வந்து கையெழுத்துப் போட்டிருந்தா கொஞ்சம் யோசிக்கணும்.

போலீஸ் ஏன் இவ்ளோ மெதுவா போகுது? டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும்லா அண்ணி?

பழைய காலத்துக் கதைன்னா அது கிடையாது. டிஎன்ஏவை வச்சு ஆளை அடையாளம் கண்டுபிடிக்கலாம்னு இங்கிலாந்துல லெஸ்டர் யுனிவர்சிட்டில கண்டுபிடிச்சதே 1984ல. ஆனா அது வந்த பிறகும் கதை உடனே முடியலங்கறதுக்கு ஒரு நிஜ வழக்கு இருக்கு, அது நடந்ததும் அதே லெஸ்டர் பக்கத்துல சின்ன கிராமங்கள்ல. 1983லயும் 1986லயும் ரெண்டு சின்னப் பொண்ணுங்களைக் கொன்னுட்டாங்க. ஒரு பையன் அதுல ஒண்ணை நான்தான் பண்ணேன்னு ஒத்துக்கவே செஞ்சான், டெஸ்ட் எடுத்துப் பாத்தா அவன் இல்ல. அப்புறம் 1987ல சுத்துப்பட்டு ஊர்கள்ல ஆயிரக்கணக்கான ஆம்பளைங்ககிட்ட ரத்தம் எடுத்தாங்க, ஒருத்தரோடதும் ஒத்துப்போகல.

கடைசில எப்படி மாட்டினான்னா, ஒருத்தன் தனக்குப் பதிலா கூட வேலை பாக்குறவனை அனுப்பி ரத்தம் குடுக்க வச்சிருக்கான். அந்தக் கூட வேலை பாக்குறவன் ஒரு மதுக்கடைல உக்காந்து அதைப் பேச்சோட பேச்சா சொல்ல, கேட்டவங்க மூலமா போலீசுக்குப் போச்சு. 1988ல தண்டனை குடுத்தாங்க. விஞ்ஞானம் ஒரு அப்பாவிப் பையனைக் காப்பாத்துச்சு, பெரிய விஷயம்தான், ஆனா குற்றவாளியை நோக்கி விரலை நீட்டினது ஊர்ப் பேச்சு. பைய நகர்ற நாவல் நிறைய பேர்கிட்ட பேசிப் பேசிப் போறதுக்கு இதுதான் காரணம்.

டாக்டர் பொணத்தைத் தொட்டுப் பாத்துட்டு "ராத்திரி பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல"ன்னு சொல்றாரே, அதை நம்பலாமா?

குளிர் நாட்டுக் கதைல ஓரளவு நம்பலாம். உடம்புச் சூடு 37 டிகிரில இருந்து சுத்தியிருக்குற காத்தோட சூட்டுக்குப் பையப் பைய இறங்கும், எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாத்து நேரத்தைக் கணக்குப் போடுவாங்க. நம்ம ஊர் சித்திரை வெயில்ல காத்தே பகல்ல 37க்கு மேல போயிரும், உடம்பு எங்க இறங்க. வெயில்ல உடம்பு விறைக்கிறதும் சீக்கிரம், அந்த விறைப்பு விடுறதும் சீக்கிரம். அதனால நம்ம பக்கத்துக் கதைல ஒரு டாக்டர் மணிக்கணக்கா துல்லியமா சொன்னாருன்னா, எழுத்தாளர் வெளிநாட்டு நாவலைப் பாத்து எழுதிட்டாரு, இல்ல அந்த டாக்டரைத்தான் சந்தேகப்படணும். நல்ல எழுத்தாளர்னா கடைசியா யாரு அவரை உயிரோட பாத்தாங்கங்கறதை வச்சுத்தான் நேரத்தைக் கொண்டு வருவாரு.

பாதிலயே யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன். இனி மீதியை எதுக்குப் படிக்கணும்?

காரையார்ல சொரிமுத்தையன் கோயிலுக்குப் போனவங்களுக்கு பட்டவராயன் சாமியைத் தெரியும், முத்துப்பட்டன்தான் அந்தச் சாமி. அவரு கதையை வில்லுப்பாட்டுல எத்தனை தடவை பாடியிருப்பாங்க, கூடியிருக்குற ஒரு ஆளுக்காவது முடிவு தெரியாம இருக்குமா? பொம்மக்கா திம்மக்காவைக் கட்டினவன், மாடு களவாங்க வந்தவங்களோட சண்டை போட்டுச் சாகப் போறான்னு பிள்ளைங்களுக்குக் கூடத் தெரியும். இருந்தும் விடிய விடிய உக்காந்திருப்பாங்க, அந்த இடம் வரும்போது அழுவாங்க. யாருன்னு தெரிஞ்ச பிறகு ஒரு நாவலைப் படிக்கிறது அந்த மாதிரிதான், இப்போ உங்க கண்ணு வேற இடத்துல நிக்கும். அந்த ஆள் சாயங்காலம் டீ குடிக்கும்போது கை நடுங்காம எப்படி இருக்காரு, செத்தவங்க வீட்டுக்கு வந்து என்ன பேசுறாரு, அவரோட பொண்டாட்டிக்குத் தெரியுமா தெரியாதா.

அதோட நீங்க கண்டுபிடிச்சது சரின்னு இன்னும் தெரியாதுலா. ஏன் பண்ணாருங்கறது பெரும்பாலும் கடைசிலதான் வரும், அதைச் சரியா சொன்னவங்களை நான் ரொம்பக் குறைச்சலாத்தான் பாத்திருக்கேன்.

கடைசிப் பக்கத்தை முதல்லயே பாத்துடுவேன், எனக்கு டென்ஷன் தாங்காது. தப்பா?

தப்பே இல்ல. மேல வில்லுப்பாட்டு பத்திச் சொன்னதுதான் இதுக்கும். உங்களுக்குப் பின்னாடி அந்தப் புஸ்தகத்தை வாங்கப் போறவங்ககிட்ட மட்டும் வாயைத் திறந்துராதீங்க.

எழுத்தாளர் ஏமாத்திட்டாரு. கடைசில புதுசா ஒரு ஆளைக் கொண்டு வந்து இவன்தான்னு சொல்லிட்டாரு. இது ஞாயமா?

ஞாயமே இல்ல, நீங்க கோபப்படலாம். 1929ல ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதினவர், இதுக்குன்னே பத்து விதி எழுதி வச்சாரு. குற்றவாளி கதைல ஆரம்பத்துலயே வந்திருக்கணும், பேய் பிசாசு வேலைன்னு முடிக்கக் கூடாது, துப்பறியிறவருக்குக் கிடைச்ச தடயம் வாசகருக்கும் கிடைக்கணும், இரட்டைப் பிள்ளைங்களை முன்கூட்டியே காட்டாம கடைசில இறக்கக் கூடாது, இப்படிப் போகும். சட்டம் மாதிரி யாரும் கடைப்பிடிக்கல, ஆனா நாவல் படிச்சு முடிச்சதும் நமக்கு வர்ற எரிச்சலுக்குக் காரணம் அதுல எழுதி இருக்கும்.

ஏமாத்துறதுக்கும் மறைக்கிறதுக்கும் வித்தியாசம் உண்டு. 1926ல அகதா கிறிஸ்டி ரோஜர் அக்ராய்டுங்கறவர் கொலையை வச்சு ஒரு நாவல் எழுதினாங்க, அதுவும் கிராமத்துல நடக்குறதுதான், முடிவைப் படிச்சிட்டு இது அநியாயம்னு அப்பவே நிறைய பேர் சண்டைக்கு வந்தாங்க. முடிவை நான் சொல்லப் போறதில்ல. திரும்ப முதல்ல இருந்து படிச்சுப் பாத்தா எல்லாமே நம்ம கண்ணு முன்னாடிதான் இருந்திருக்கு, ஒரு பொய்யும் இல்ல. உங்களுக்குச் சந்தேகமா இருந்தா அதே மாதிரி திரும்பப் புரட்டிப் பாருங்க. முதல் மூணு நாலு அத்தியாயத்துல அந்த ஆளைப் பத்தி ஒரு வரியாவது இருந்தா எழுத்தாளர் பக்கம் ஞாயம் இருக்கு, நாம கவனிக்கல. சுத்தமா இல்லன்னா புஸ்தகத்தை மூடிட்டு அவரைத் தாராளமா திட்டிக்கோங்க.

கிராமம்னா எல்லாரும் வெள்ளந்தி, எல்லாரும் சொந்தம்னு எழுதுதாங்க. ஜாதிப் பேச்சே இல்லாம ஒரு ஊரா? படிக்கவே பொய்யா இருக்கு அக்கா.

நீங்க சொல்றது சரி, இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். நம்ம பக்கத்து ஊரை எழுதிட்டு யாரு எந்தத் தெருவுக்குள்ள போகலாம், யாரு சொன்ன சாட்சியைப் பெரியவங்க காதுல வாங்குவாங்க, யாரு பேரு முதல்ல போலீஸ் வாய்ல வரும்ங்கறதை விட்டுட்டா, அந்த நாவல்ல தடயமே பாதி காணாமப் போயிரும். பனை மரத்து உச்சில இருந்து எல்லாத்தையும் பாத்த ஆள் இருக்காரு, ஆனா அவர்கிட்ட யாருமே கேக்கல. ஏன் கேக்கல? அந்த ஏன்ல ஒரு முழு நாவல் இருக்கு.

முத்துப்பட்டன் கதையே என்ன? பிராமணப் பையன் சக்கிலியர் வீட்டுப் பொண்ணுங்களைக் கட்டினது. இன்னைக்கும் அவருக்கு செருப்புதான் காணிக்கை. இந்த மண்ணுல அநியாயமா செத்தவங்களைச் சாமியாக்கிக் கும்பிடுற வழக்கம் உண்டு, அந்தக் கதைகள் எதுவும் ஊரை வெள்ளந்தின்னு சொல்லல. யாரு கொன்னா, எதுக்குக் கொன்னான்னு பாட்டாவே வருஷா வருஷம் சொல்லிட்டு இருக்கு. இதைக் கேட்டு வளர்ந்த ஊர்ல உக்காந்துகிட்டு ஜாதியே தெரியாத மாதிரி ஒரு மர்ம நாவல் எழுதினா அது எனக்குச் செல்லாது. வெளிநாட்டு நாவல்லயும் இதே பார்வையோட படிங்க, பெரிய வீட்டு வேலைக்காரப் பொண்ணு என்ன பாத்தான்னு ரொம்ப நேரம் யாரும் கேக்க மாட்டாங்க.

கொலைக் கதையைப் படிச்சு அதுல என்னம்மா சந்தோஷம்? பேப்பரைத் திறந்தாலே வெட்டு குத்துதான இருக்கு.

எங்க ஆச்சி வயசுல ஒருத்தங்க கேட்டது, ரொம்ப நாள் மனசுலயே இருந்தது. பேப்பர்ல ஒரு சாவுக்கு நாலு வரி. செத்தவர் வயசு, ஊர், வெட்டுக் காயம், விசாரிக்கிறாங்க, முடிஞ்சு போச்சு. பைய நகர்ற நாவல் அந்த ஒரு சாவுக்கு முன்னூறு பக்கம் குடுக்குது. செத்தவர் என்ன சாப்பிடுவாரு, யாருக்குக் கடன் குடுத்தாரு, யாரை மன்னிக்காம செத்தாரு, அவரு இல்லாம எந்த மாடு தண்ணி காட்ட ஆளில்லாம கத்துதுன்னு எல்லாம் சொல்லி, ஒரு உயிர் போனா ஊர்ல எவ்வளவு கலையுதுன்னு காட்டுது. எனக்குக் கிடைக்கிறது அந்த மரியாதை. ரத்தத்தை மட்டும் விலாவாரியா எழுதுற நாவலை நான் யாருக்கும் குடுக்கறதில்ல, வீட்லயும் வச்சுக்கறதில்ல.

நடுவுல விட்டுட்டேன், அறுவடை, கல்யாணம்னு மாசக்கணக்கா எடுக்கவே இல்ல. முதல்ல இருந்தே ஆரம்பிக்கணுமா?

எந்த இடத்துல விட்டீங்கங்கறதைப் பொறுத்தது. சாவு நடக்குறதுக்கு முன்னாடி விட்டிருந்தா முதல்ல இருந்தே படிங்க, ஊரோட வழக்கம் மறந்து போயிருக்கும், அது இல்லாம பின்னாடி ஒண்ணும் பிடிபடாது. பாதிக்கு மேல விட்டிருந்தா பேரு எழுதி வச்ச துண்டுப் பேப்பரை ஒரு தடவை பாத்துட்டு, சாவு நடந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படிச்சிட்டு விட்ட இடத்துல இருந்து போங்க. கடைசி ரெண்டு அத்தியாயம் மட்டும் பாக்கின்னா பேசாம படிச்சு முடிச்சிருங்க, கோபம் வந்தா அப்புறம் முதல்ல இருந்து படிக்கலாம்.

ஆச்சிக்குக் கண்ணு சரியாத் தெரியல. வாசிச்சுக் காட்டினா இந்த மாதிரி நாவல் ஒத்து வருமா, இல்ல தூங்கிருவாவளா?

இதுக்குத்தான் ரொம்ப நல்லா ஒத்து வரும். வேகமா போற கதையைக் காதால கேட்டா பேரு தப்பிரும், இதுல ஒரே ஆள் ஒரே தெரு திரும்பத் திரும்ப வர்றதால மறக்காது. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும். வாசிக்கும்போது வர்ணனையைச் சுருக்காதீங்க, ஆச்சி அங்கதான் நிறுத்துவாவ. பிசான அறுப்பு நேரத்துல இவன் ஏன் நாத்து பாவுதான்னு கேட்டாவன்னா, எழுத்தாளர் தப்பா எழுதியிருக்கலாம், இல்ல கதைல அந்த ஆள் பொய் சொல்லுதான். எதுன்னு கண்டுபிடிக்க அந்தப் பக்கத்து மூலையை மடக்கி வச்சிட்டு மறுநாள் அங்க இருந்தே ஆரம்பிங்க. மடக்கின புஸ்தகமா திரும்பி வந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.